மிதி வாங்க வேதாரண்யம் போனேன்

இடுப்பு வலிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடியக்கரைக்கு மான் பார்க்க, பறவை பார்க்கப் போகிறவர்கள் வேறு எங்காவது படித்துக்கொள்ளுங்கள். நான் போனது புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருவாரூர், அங்கிருந்து வேதாரண்யம், அதற்கப்புறம் கோடியக்கரை ரோட்டில் மூன்று கிலோமீட்டர். போக நாலு மணி நேரம், வர நாலரை. கால் முன்னே வந்து பிறந்த ஒருவர் அங்கே இருக்கிறார், அவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று சொன்னதால் போனேன்.

நம் பக்கத்தில் இது தெரியாதவர்கள் குறைவு. தெரியாத டவுன் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிறக்கும்போது தலை முன்னே வராமல் கால் முன்னே வந்தவர், இடது காலால் மூன்று தடவை மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் போகும் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. மீதிப் பாதிக்கு என் மகன் செல்வம் காரணம்.

தஞ்சாவூரில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்புக்கு நடுவில் நரம்பு மாட்டியிருக்கிறது, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கலாம், வைத்தாலும் வலி முழுக்கப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் கடைசியில் சொன்னதை நான் கேட்டேன். செல்வம் முதலில் சொன்னதோடு நிறுத்திக்கொண்டான். வீட்டுக்கு வருவதற்குள் மூணு மா நிலத்தை விற்பது என்று முடிவு செய்துவிட்டான்.

மூணு மா என்றால் ஒரு ஏக்கர். நில உச்சவரம்புக்கு மேலே இருந்தது என்று பண்ணையிடமிருந்து எடுத்து, கூலிக்காரக் குடும்பங்களுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். சும்மா கொடுத்துவிடவில்லை. பண்ணையார் அதை மாடு மேய்க்கிறவன் பேரில் எழுதிவைத்தார், கோயில் பேரில் எழுதிவைத்தார், செத்துப்போன அத்தை பேரில்கூட எழுதிவைத்தார். அதை வெளியே எடுக்க என் வீட்டுக்காரர் செருப்பில்லாத காலோடு தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். அவர் போன பிறகு பட்டா என் பேரில் இருக்கிறது. வாங்க வந்தவர் பிளாட் போட்டு விற்கிறவர். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். "உனக்காகத்தானேம்மா விக்கிறேன், எனக்கா?" என்கிறான் செல்வம். என் வலி குறைந்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம், நிலமும் நிற்கும். கையில் இருந்தது மூன்று நாள்.

வலி எப்போதிலிருந்து என்று அந்த டாக்டர் கேட்டார். "ஆட்சி மாறிச்சே, அதுக்கு அடுத்த வருஷம். குறுவை நடவு" என்றேன். சிரித்தார். "எந்த ஆட்சிம்மா? எத்தனையோ மாறிடுச்சே" என்றார். எனக்கு ஒன்றுதான் கணக்கு, அறுபத்தேழில் மாறியது. அந்த வருஷம் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றோம். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து நட வைத்தார்கள். நாங்கள் பொம்பளைகள் வரப்பில் குறுக்கே உட்கார்ந்தோம். பண்ணையில் வேலை வாங்குகிற காரியக்காரன் மம்பட்டிக் காம்பால் என் இடுப்பில் போட்டான். ஒரே அடிதான். எனக்கு அப்போது பதினாறு வயது. எழுந்து நடந்து வீட்டுக்குப் போனேன் என்று இன்றைக்கும் என்னைப் பாராட்டுகிறார்கள். பாராட்டினவர்கள் யாரும் இந்த இடுப்போடு தூங்கிப் பார்த்ததில்லை.

அடித்தது ஒரு நாள். குனிந்தது ஐம்பது வருஷம். ஒன்பது வயதில் நாற்று முடியைக் கையில் கொடுத்தார்கள். அதனால் வலிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் காரியக்காரனை மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் அவனை விடவும் மாட்டேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. கூத்தாநல்லூரில் ஒரு பாய் கடையில் இடுப்புப் பட்டை 650 ரூபாய்க்கு வாங்கினேன். உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது. அந்தப் பாய் நல்ல மனுஷர், மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தைலத்தில் அரைப் பாட்டில் சும்மா கொடுத்தார். தடவினால் கண் எரியும், இடுப்பு அப்படியே இருக்கும். இந்த நிலைமையில்தான் என் நாத்தனார் சின்னப்பொண்ணு, "வேதாரண்யத்துப் பக்கம் ஒரு ஆளு மிதிக்கிறாராம் அண்ணி, வாங்க போவோம்" என்றாள். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் தப்பு.

காலை 5.40க்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை. காசில்லாமல் விட்டவர்கள் படியைக் கொஞ்சம் கீழே வைத்திருக்கலாம். முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. முன்படியில் ஏறாதீர்கள், பின்படியில் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்காராதீர்கள். நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் இடையில் உட்காருங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

திருவாரூரில் 6.50க்கு வேதாரண்யம் பஸ். ஆளுக்கு 48 ரூபாய். வயலெல்லாம் சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிக் கிடந்தது. எங்கேயும் பொம்பளைகள் குனிந்து நிற்கவில்லை, மிஷின் நட்டுக்கொண்டிருந்தது. நல்லதுதான். ஐம்பது வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

மாங்குடி தாண்டியதும் கேட்டேன். "யாருடி அந்த ஆளு?"

"கால் வழியாப் பொறந்தவரு அண்ணி."

"பேரு கேட்டேன்."

"காசெல்லாம் வாங்கறதில்ல. ஒரு தேங்கா ஒடைச்சா போதுமாம்."

"பேரு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நம்ம பண்ணை வீட்டு நடேசன்."

எழுந்து நின்றுவிட்டேன். இடுப்பு அதற்கு எப்படி விட்டது என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் வந்து, "பாட்டி, இது ஆலத்தம்பாடி. இங்க எறங்குனா அடுத்த வண்டி முக்கா மணி நேரம். திருத்துறைப்பூண்டில பத்து நிமிஷம் நிப்போம், அங்க எறங்கிச் சண்டை போட்டுக்குங்க" என்றார். நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தேன்.

திருத்துறைப்பூண்டியில் டீ 12 ரூபாய். பஸ் ஸ்டாண்டு கக்கூசில் மேற்கத்திய பாணி ஒன்று இருக்கிறது, பூட்டி வைத்திருப்பார்கள், சாவி கேட்டு வாங்க வேண்டும். டீயை வைத்துக்கொண்டு சின்னப்பொண்ணுவைத் திட்டினேன். அந்த வீட்டு ஆளிடம் போய்க் குப்புறப் படுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, "அவங்க வீட்டுக் கம்பால வந்த வலி அண்ணி. அவங்க வீட்டுக் காலாலயே போகட்டும்" என்றாள்.

மீதி டீயைக் குடித்து முடித்தேன். பஸ்ஸில் ஏறினேன்.

வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் 120 கேட்டார். "மூணு கிலோமீட்டருக்கா?" என்றேன். "மிதி வாங்கப் போறவங்களைக் குழியில விடாம ஓட்டணும்ல பாட்டி, அதுக்குத் தனி ரேட்டு" என்றார். 80க்கு வந்தார். குழியிலும் விட்டார். 9.40க்கு இறங்கினோம்.

ஓட்டு வீடு, முன்னால் மணல் முற்றம், ஒரு பூவரச மரம். மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கியது. மிதிக்கும்போது நடேசன் அதைப் பிடித்துக்கொள்வார். மிதிப்பது செவ்வாய், ஞாயிறு இரண்டு நாள், காலை பதினொன்று வரைக்கும். நிலமெல்லாம் கைவிட்டுப் போனபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். எனக்கு ஏழு வயது இளையவர். ஆளே அடையாளம் தெரியவில்லை. என்னையும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அவரைச் சின்னய்யா என்று கூப்பிட வேண்டும், ஒன்பது வயதுப் பையனாக இருந்தாலும். நான் நடேசன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். இன்னொருவர் கும்பகோணத்திலிருந்து காரில் வந்திருந்தார், நடேசனுக்குச் சொந்தக்காரர், மாமா என்று கூப்பிட்டார். முதலில் உப்பளத்துக்காரர் பாயில் குப்புறப் படுத்தார். நடேசனின் மகள் உள்ளே போய் ஒரு சணல் சாக்கைக் கொண்டுவந்தாள். துவைத்துக் காயவைத்த நெல் சாக்கு. அதை அவர் இடுப்பின் மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். நடேசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மூன்று தடவை மிதித்தார்.

அந்தச் சாக்கு எனக்குத் தெரியும்.

அடுத்ததாகக் கும்பகோணத்துக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவர் மேலும் சாக்கு. சொந்தக்காரர் மேலுமா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "இந்தச் சாக்கு எதுக்குங்க?"

நடேசன் பொறுமையாகச் சொன்னார். "சாக்கு இல்லாம மிதிச்சாப் பலிக்காதும்மா. அதுதான் முக்கியம். எங்கம்மா காலத்திலேர்ந்து அப்படித்தான்."

"சணல்ல ஒரு இது இருக்கு பாட்டி" என்றார் உப்பளத்துக்காரர், வேட்டியைத் தட்டிக்கொண்டே. "கரண்டுக்கு எர்த் கொடுக்குற மாதிரி. வலிய அது இழுத்துக்கும்."

"நெல்லோட சூடுன்னு சொல்லுவாங்க" என்றாள் மகள்.

கேலி பண்ணவில்லை. மூன்று பேரும் மனதாரத்தான் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் சொல்றேன் எதுக்குன்னு" என்றேன். "நடவு முடிஞ்ச அன்னிக்கு எங்க தெருப் பொம்பளைங்க உங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால வரிசையாப் படுப்பாங்க. நீங்க சின்னப் பிள்ளை. கால் முன்னே பொறந்த பிள்ளைன்னு உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. உங்கம்மா கொல்லைப் படியில நிப்பாங்க. எங்கம்மா முதுகுமேல சாக்கைப் போடச் சொல்லிட்டு, 'சாக்கு வெலகாமப் பாத்துக் கால் வை. பட்டுட்டா கெணத்தடியில குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்'னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் சாக்கு. எர்த்தும் இல்ல, சூடும் இல்ல. எங்க தோல் உங்க கால்ல படக்கூடாதுன்னு போட்ட சாக்கு."

சின்னப்பொண்ணு என் முந்தானையை இழுத்தாள். கும்பகோணத்துக்காரர் தலையை மட்டும் தூக்கி, "மாமா, மிதிக்கறீங்களா, எந்திரிக்கட்டுமா?" என்றார். அவரே சாக்கைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். எறிந்த வேகத்தைப் பார்த்தால் இடுப்பு வலிக்காரர் மாதிரித் தெரியவில்லை.

நடேசன் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க நம்ம ஊரா?" என்றார். யார் மகள் என்று சொன்னேன். அவர், "எனக்குக் கெணத்துத் தண்ணின்னா குளிரும். குளிக்கச் சொன்னா அழுவேன். நான் அழுவறேன்னுதான் அம்மா சாக்கு போடச் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்க அழுதது எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றேன். "எங்கம்மா முதுகுல நின்னுகிட்டுத்தான் அழுதீங்க."

அவர் மகளிடம், "சாக்க உள்ள கொண்டுபோ" என்றார். பிறகு என்னிடம், "வேணாம்மா அது. வாங்க. படுங்க" என்றார். நான் யார் மகள் என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டு வாயிலிருந்து எனக்கு 'ங்க' வந்தது அதுதான் முதல் தடவை.

"படுங்க அண்ணி" என்றாள் சின்னப்பொண்ணு காதுக்குள். "வெள்ளிக்கிழமைய நெனைங்க. மூணு மா அண்ணி."

நினைத்தேன். அவர் காலைப் பார்த்தேன். குதிகால் வெடித்து, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. நான் இரக்கப்பட்டேன் என்று எழுத மாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "எங்கம்மா வருஷா வருஷம் படுத்தா. அவளுக்கு வலி போச்சான்னு உங்க வீட்ல யாராவது ஒரு தடவை கேட்டீங்களா?"

"இல்ல" என்றார்.

"போகல. மறுநாள் அதே இடுப்போட நாத்துப் பறிக்கப் போனா."

சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை வருஷமாகச் சாக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன், வலி போகவில்லை என்பதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் ஒருத்திக்கும் போகவில்லை. சாயந்தரம் முழுக்க ஒருத்தி இடுப்புக்கு ஒருத்தி தவிட்டு ஒத்தடம் கொடுத்துத்தான் தூங்கினார்கள். நான் படுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போன தேங்காயையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது உப்பளத்துக்காரரும் கூட நின்றார். "கோவப்படாதீங்க பாட்டி" என்றார். "நான் ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்த பயிற்சியும் செய்யறேன், இங்கயும் வந்து மிதி வாங்கறேன். எது சரி பண்ணுதுன்னு தெரியாதுல்ல."

"மிதி வாங்கிட்டுப் பயிற்சிய நிறுத்திப் பாத்தியா?"

"ரெண்டு வாரம் நிறுத்தினேன். உப்பு வார முடியல."

"அப்ப தெரிஞ்சுபோச்சே" என்றேன். சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இரண்டு பேருக்கும் ஆன அந்த முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்கிறேன். திரும்பும்போது 11.20 பஸ். திருவாரூரில் இறங்கும்போது சின்னப்பொண்ணு, "சாக்கு சமாசாரம் எனக்குத் தெரியாது அண்ணி, நான் அப்ப கைக்குழந்தை" என்றாள்.

புதன்கிழமை திருவாரூர் அரசு ஆஸ்பத்திரி. வெளிநோயாளி சீட்டுக்கு 7.30க்கே போய்விடுங்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் முக்கால் மணி நேரம் என்னோடு தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்குவது ஒன்று. சுவரில் முதுகை ஒட்டி நிற்பது ஒன்று. ஆறு வாரம் செய்யுங்கள், காலில் மரப்பு வந்தாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ உடனே ஓடி வாருங்கள், இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கலாம் என்றது. நான் எழுந்திருக்கும்போது கையை நீட்டிப் பிடித்து எழுப்பியது. இது என் இடுப்புக்குச் சொன்னது. உங்கள் இடுப்பை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதை எழுதும்போது நாலாவது வாரம். வலி போகவில்லை. ஆனால் இரவில் மூன்று தடவை எழுந்தது ஒரு தடவையாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கிறேன். குடத்தை அரைக் குடமாகத் தூக்குகிறேன். தவிட்டு ஒத்தடம் சாயந்தரம் கால் மணி நேரம், சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி. துணி தடித்ததாக இருக்கட்டும், தோல் வெந்துவிடும். இடுப்புப் பட்டையைப் பயணத்துக்கு மட்டும் போடுகிறேன். நடேசன் வீட்டுக்குப் போக நினைப்பவர்கள் போங்கள். இப்போது சாக்கு போடுவதில்லையாம், உப்பளத்துக்காரர் சின்னப்பொண்ணுக்குப் போனில் சொன்னார். சிலருக்குச் சரியாகிறதாம், சிலருக்கு ஆகவில்லையாம். சாக்கு போட்டபோதும் அப்படித்தான் இருந்தது.

வியாழன், வெள்ளி இரண்டையும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை செல்வத்திடம் ஆறு வாரம் என்று சொன்னேன். "பார்ட்டி ஆறு வாரமெல்லாம் காத்திருக்க மாட்டாரும்மா" என்றான்.

"யாருக்கு அவசரம்? என் இடுப்புக்கா, பார்ட்டிக்கா?"

"நீ ராத்திரில அழுவறது எனக்குக் கேக்குதும்மா. பக்கத்து ரூம்லதான் படுத்திருக்கேன்." சாப்பிடாமல் எழுந்து போனான். அவன் கெட்டவன் இல்லை. அதற்காகப் பட்டாவைக் கொடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பிளாட்டுக்காரரின் கார் 9.45க்கு வரும் என்றார்கள். நான் 8.50க்கே வீட்டை விட்டு இறங்கி வயலுக்கு நடந்தேன். தனியாக அவ்வளவு தூரம் நடந்து இரண்டு வருஷம் ஆயிற்று. வாய்க்கால் மதகில் உட்கார்ந்தேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு இடம். வரப்பில் ஏறி நின்றபோது என் மூணு மாவிலும் நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டியிருந்தது. பத்தரைக்கு போன் அடித்தது. பதினொன்றுக்குக் கார் வயல் ரோட்டுக்கே வந்தது. பிளாட்டுக்காரர் வெள்ளைச் செருப்போடு சேற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, "அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

"நான் இங்க இருக்கேன்ல" என்றேன். "போகச் சொல்லுங்க அவங்கள."

செல்வம் ஒரு மணிக்கு பைக்கில் வந்தான். ஏறச் சொன்னான். பைக் என் இடுப்புக்கு ஆகாது. அவன் அதைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தான்.

வீட்டிலிருந்து வயல் ஒன்றேகால் கிலோமீட்டர். போக ஐம்பது நிமிஷம், நாலு இடத்தில் உட்கார்ந்தேன். வர ஒரு மணி ஐந்து நிமிஷம், ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி இரண்டு இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு அவனும் உட்கார்ந்தான்.